வலி மாத்திரைக்குக் காப்பீடு: கம்பெனி விருப்பமா, மாநிலச் சட்டமா?

அமெரிக்காவில் 2010-இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரையைப் புது வடிவில் கொண்டுவந்தார்கள். லேசில் தூளாகாது, தண்ணீர் பட்டால் கெட்டியான கூழாகிவிடும், அதனால் போதைக்காக மூக்கில் இழுப்பதும் ஊசியில் ஏற்றுவதும் கஷ்டம். சரி, இந்த வகை மாத்திரைக்கு யார் பணம் கட்டுவது?

காப்பீட்டுக் கம்பெனியின் விருப்பத்துக்கு விட்டால், பெரும்பாலும் முதலில் மலிவான ஜெனரிக் மார்ஃபின்தான். அது ஒத்துவரவில்லை என்று டாக்டர் எழுதி முன் அனுமதி வாங்க வேண்டும், அதுவரை நோயாளி வலியோடு மருந்துக்கடைக்கும் கிளினிக்குக்கும் அலைய வேண்டியதுதான். ஆனால் பேரம் பேசும் பலம் கம்பெனியிடம் இருக்கும்: சிக்னா என்ற காப்பீட்டுக் கம்பெனி 2018-இல் தன் திட்டங்கள் பலவற்றில் ஆக்ஸிகான்டினை எடுத்துவிட்டு, அதேபோல் போதைக்குப் பயன்படுத்துவதைக் கடினமாக்கும் 'தடுப்பு' வகையைச் சேர்ந்த எக்ஸ்டாம்ப்சா என்ற மருந்தை வைத்தது.

மாசசூசெட்ஸ் மாநிலம் 2014-இல் போட்ட சட்டம் வேறு வழி. மாநிலப் பட்டியலில் உள்ள தடுப்பு மாத்திரைகளைக் காப்பீட்டுக் கம்பெனிகள் சாதாரண ஓபியாய்டைவிட மோசமான நிபந்தனையில் வைக்கக்கூடாது. நோயாளிக்கு நிம்மதி, ஆனால் விலை கூடினால் அது பிரீமியத்தில்தான் வந்து விழும்.

அதோடு, நாலு மாத்திரையை அப்படியே விழுங்குபவரை எந்தக் கூழும் தடுக்காது, பழைய மாத்திரை போனதும் ஹெராயினுக்குத் தாவியவர்களும் உண்டு. வீட்டில் வளர்ந்த பிள்ளைகளோ போதைப் பழக்கம் உள்ளவரோ இருந்தால் சட்டம்தான் மேல். மற்றவர்களுக்கு, முன் அனுமதியை இரண்டு நாளில் முடித்துத் தரச் சொன்னாலே போதும் என்பேன்.