மூடி கிரில்லா, கம்பி கிரில்லா?

வீட்டுக்குள் வைத்துச் சுட மின்சார கிரில் வாங்கப் போனால், இரண்டு தகட்டுக்கு நடுவே அழுத்தும் மூடி கிரில், மேலே திறந்திருக்கும் கம்பி கிரில் என இரண்டு வகை இருக்கும். அன்றாடச் சமையலுக்கு மூடி கிரில்தான் என்பேன். மேலும் கீழும் ஒரே சமயத்தில் சூடு படுவதால் எலும்பில்லாத கோழித்துண்டு ஏறக்குறைய பாதி நேரத்தில் வெந்துவிடும். திருப்பிப் போடும் வேலையும் இல்லை. ஆனால் மீன் மட்டும் வேண்டாம். வஞ்சிரம் துண்டை வைத்து மூடியை இறக்கினால் மசாலா மேல்தகட்டில் ஒட்டிக்கொள்ளும், திறக்கும்போது தோலும் கூடவே பிய்ந்து வரும்.

மீனுக்கும் பனீர் டிக்காவுக்கும் கம்பி கிரில்தான் சரி. ஓரம் லேசாகக் கருகி, அந்தச் சுட்ட மணம் வரும். அடித்தட்டில் மறக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள். சொட்டும் எண்ணெய் தண்ணீரில் விழுந்தால் புகை குறையும். அப்படியும் ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

அப்புறம், சாக்கெட். கம்பி கிரில் பலவும் 2000 வாட். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்காது, கீசருக்குப் போடும் 16 ஆம்பியர்தான் வேண்டும். சிறிய மூடி கிரில்லுக்குப் பெரும்பாலும் 1000 வாட் போதும். எதை வாங்கினாலும், தகட்டையோ கம்பியையோ கழற்றிக் கழுவ முடியுமா என்று கடையிலேயே கழற்றிப் பாருங்கள்.