எச்.டி.எல் புரோட்டியோம் வாட்ச்: நல்ல கொழுப்பின் புரதப் பட்டியலை எப்படிப் படிப்பது?

நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல், இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் நுண்துகள்களின் பெயர். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் எச்.டி.எல் என்று அச்சாகும் எண் அத்துகள்கள் சுமக்கும் கொலஸ்ட்ராலை மட்டுமே அளக்கிறது. துகளின் எடையில் ஏறத்தாழப் பாதியாக இருக்கும் புரதங்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. டார்செட்ராபிப் என்ற மருந்து அந்த எண்ணை எழுபது விழுக்காட்டுக்கும் மேல் உயர்த்தியும், உயிரிழப்புகள் கூடியதால் அதன் சோதனை 2006-இல் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர், துகளில் என்னென்ன புரதங்கள் உள்ளன என்ற கேள்வி கூடுதல் கவனம் பெற்றதில் வியப்பில்லை. அக்கேள்வியோடு வருவோருக்காக அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஷான் டேவிட்சனின் ஆய்வகம் தொகுத்துவரும் இலவசத் தரவுத்தளமே எச்.டி.எல் புரோட்டியோம் வாட்ச்.

உலகின் பல ஆய்வகங்கள் மூலக்கூறுகளை அவற்றின் நிறையால் இனங்காணும் நிறை நிறமாலைமானி கொண்டு எச்.டி.எல்-இல் கண்டறிந்து வெளியிட்ட புரதங்களை ஒரே இடத்தில் திரட்டி, எது எத்தனை இடங்களில் தென்பட்டது என்று காட்டுவதே இதன் பணி. 2022-இல் அக்குழு வெளியிட்ட கட்டுரையின்படி, 45 ஆய்வறிக்கைகளில் ஏறத்தாழ ஆயிரம் புரதங்கள் பதிவாகியிருந்தன. அவற்றுள் குறைந்தது மூன்று வெவ்வேறு ஆய்வகங்களில் தென்பட்டவை 251 மட்டுமே. முக்கால் பங்கைத் தயங்காமல் ஒதுக்கிவைக்கும் இந்தக் கண்டிப்பே எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சம். 2007-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்று 48 புரதங்களைக் கண்டது என்பதை நினைத்தால், பட்டியல் எவ்வளவு வேகமாக வளர்ந்திருக்கிறது என்பதும், அவ்வளர்ச்சிக்கு ஒரு சல்லடை ஏன் தேவைப்பட்டது என்பதும் விளங்கும்.

எஞ்சியவற்றை வாசிப்பது சுவையான அனுபவம். கொழுப்பைக் கடத்தும் அப்போ ஏ1, அப்போ ஏ2 ஆகியவற்றோடு நோயெதிர்ப்பில் பங்குபெறும் சி3, அழற்சியின்போது பெருகும் சீரம் அமிலாய்டு ஏ, புரதச் சிதைப்பைத் தடுக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் ஆகியவையும் அணிவகுக்கின்றன. கால்நடைகளைத் தாக்கும் டிரிப்பனோசோமா ஒட்டுண்ணி வகையொன்று மனிதரிடம் பிழைக்க முடியாமல் போவதற்குக் காரணமான அப்போ எல்1-உம் இங்கே உறுப்பினர்தான்.

இருப்பினும், மூன்று ஆய்வகங்கள் என்ற அளவுகோலை நான் முழுமையாக நம்பவில்லை. எச்.டி.எல்-ஐப் பிரிக்கும் மரபான வழி, மில்லிலிட்டருக்கு 1.063 முதல் 1.21 கிராம் வரையிலான அடர்த்தியில் மீவேக மையவிலக்கியால் (மிகுவேகத்தில் சுழற்றும் கருவி) பிரித்தெடுப்பது. அம்முறையில் பயன்படும் செறிந்த உப்பும் பெருவிசையும் தளர்வாக ஒட்டியிருக்கும் புரதங்களை உதிர்த்துவிடக்கூடும். மறுபுறம், இரத்தத்தில் மிகுந்திருக்கும் ஆல்புமின் போன்றவை மாசாக உடன்வரவும் கூடும். மூன்று இடங்களிலும் இதே முறை கையாளப்பட்டிருந்தால், மூன்றும் ஒரே பிழையை ஒருமித்து உறுதிசெய்ய வாய்ப்புண்டு. ஆகவே, ஒரு புரதத்தை ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கும் முன், அளவால் பிரிக்கும் ஜெல் வடிகட்டல், எதிர்ப்புரதத்தால் பிடித்தெடுத்தல் ஆகிய வேறு வழிகளிலும் அது தென்பட்டதா என்று மூலக் கட்டுரைகளைத் திறந்து பார்ப்பதே முறையாகும்.

பட்டியலில் இடம்பெறுவது ஒரு புரதம் இருப்பதற்கான சான்றே ஒழிய, அதன் அளவுக்கான சான்று அன்று என்பதையும் புதியவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். எச்.டி.எல் புரதத்தின் எடையில் சுமார் 70 விழுக்காடு அப்போ ஏ1 மட்டுமே. அடுத்த பெரும்பங்கு அப்போ ஏ2-க்கு உரியது. 7 முதல் 12 நானோமீட்டர் விட்டமே உள்ள ஒரு துகளில் 251 புரதங்கள் அடங்க வழியில்லை. பல புரதங்கள் மிகச் சிறிய விழுக்காட்டுத் துகள்களிலேயே காணப்படுகின்றன. 251 என்ற எண்ணை ஒரு துகளின் உள்ளடக்கமாகக் கொள்வது, ஊரின் வாக்காளர் பட்டியலைப் பார்த்துவிட்டு அனைவரும் ஒரே வீட்டில் வசிப்பதாக எண்ணுவதற்கு ஒப்பாகும்.

உயிர்வேதியியல் முதுநிலை மாணவர்களுக்கும் ஆய்வைத் தொடங்குவோருக்கும் இத்தரவுத்தளத்தை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்-க்கும் அதே ஆய்வகம் இணையான பட்டியலொன்றைத் தொகுத்திருப்பதால், இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது பயனளிக்கும். தம் பரிசோதனை அறிக்கைக்கு விளக்கம் தேடி வருவோருக்கு இதில் எதுவும் இல்லை. அவர்கள் மருத்துவரிடமே கேட்கலாம்.