பேஸ் ஆம்பில் மிட் குமிழ்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

என்னிடம் இருப்பது பேஸ் கித்தாருக்கான 500 வாட் கிளாஸ் டி (எடை குறைந்த ஸ்விட்சிங் வகை) ஹெட் ஒன்று, அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி; அதோடு 8 ஓம் கேபினட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, இரண்டு. ஒவ்வொரு கேபினட்டிலும் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் உச்ச ஒலிகளுக்கான சிறிய ட்வீட்டர் ஒன்றும் உண்டு. நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். இந்த வகை ஹெட்களுக்குள் வேறுபாடு குறைவு. வெவ்வேறு நிறுவனங்கள் ஒரே ஆயத்த பவர் மாட்யூலை வாங்கித் தங்கள் பெட்டிக்குள் பொருத்துவதும் நடக்கிறது. வாங்கிய புதிதில் எழுதப்படும் விமர்சனங்கள் எடையையும் வாட்டையும் சுற்றியே வருகின்றன. ஒத்திகையிலும் மேடையிலும் இத்தனை காலம் புழங்கிய பிறகு நான் ஒவ்வொரு முறையும் தொடுவது மிட் எனப்படும் நடு அதிர்வெண் பகுதிக்கான இரண்டு குமிழ்களை மட்டும்தான். மற்றவை வைத்த இடத்திலேயே கிடக்கின்றன.

எடையை முதலில் பேசி முடித்துவிடலாம். 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி வால்வு ஆம்ப் 300 வாட் தந்தது. ஹெட் மட்டுமே 40 கிலோவை ஒட்டும். பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு கொண்ட அதன் கேபினட்டைத் தனி ஆளாக மாடிப்படி ஏற்ற முடியாது. என் ஹெட் தோள்பையில் போகிறது. அந்த வால்வு ஆம்ப் அழுத்தி வாசிக்கும்போது தரும் உறுமல் இதில் இல்லை. அதற்காக ஏங்குகிறேனா என்றால், வாசிக்கும்போது ஏங்குவேன்; சாமான் கட்டும்போது ஏங்குவதில்லை.

வாட் எண்ணிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பவர் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு பவர் தேவை. போதாததற்கு, 500 வாட் என்பது 4 ஓம் இணைப்புக்குச் சொல்லப்படும் கணக்கு. 8 ஓம் கேபினட் ஒன்றை மட்டும் மாட்டினால் ஏறத்தாழ பாதிதான் வெளிவரும். இரண்டாவது கேபினட்டை இணையாகச் சேர்த்ததும் மொத்தம் 4 ஓம் ஆகிறது; பவரும் கூடுகிறது, காற்றைத் தள்ளும் கூம்பின் பரப்பும் இரட்டிக்கிறது. 800 வாட் ஹெட்டுக்கு மாறியிருந்தால் கிடைத்திருக்கும் 2 டெசிபலைவிட இது எவ்வளவோ மேல். அதே ஆசையில் மூன்றாவது ஒன்றையும் மாட்டிவிடக் கூடாது. மூன்று 8 ஓம் சேர்ந்தால் 2.7 ஓமுக்கு இறங்கிவிடும். 4 ஓமுக்குக் கீழே தாங்காத ஹெட்கள் நிறைய உண்டு, என்னுடையதும் அப்படித்தான்.

இனி டோன். நான்கு தந்தி பேஸில் தடித்த ஈ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். சிறிய கேபினட்கள் பலவும் அந்த இடத்துக்கு வருமுன்பே தளர்ந்துவிடுகின்றன. நாம் கேட்கும் ஸ்வரத்தில் பெரும்பங்கு 82, 124 ஹெர்ட்ஸ் என மேலே அடுக்கடுக்காக வரும் மேற்சுரங்களால் ஆனது. அடியில் விடுபட்டதை மூளையே நிரப்பிக்கொள்கிறது. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில்கூட பேஸ் போகும் வழியைப் பின்தொடர முடிவது இதனால்தான். பேஸ் குமிழை முழுக்கத் திருகினால் தெளிவு வராது. கூம்பு எல்லை மீறி ஆடும், பவர் அங்கேயே கரையும், போதாக்குறைக்கு கிக் டிரம்மின் இடத்தில் போய் முட்டிக்கொள்ளும். என் ஹெட்டில், குறித்த அளவுக்குக் கீழே உள்ள அதிர்வுகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் இருக்கிறது. அதை 35 ஹெர்ட்ஸில் வைத்ததிலிருந்து கேபினட் இரைவது குறைந்திருக்கிறது; ஒரு ஸ்வரமும் குறைந்ததாகக் காதுக்குத் தெரியவில்லை.

பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி நடுவைப் பள்ளமாக வெட்டும் அமைப்பு கடையில் சோதித்துப் பார்க்கும் எல்லோரையும் மயக்கும். மெல்லிய ஒலியில் காது அடி ஸ்வரங்களைக் குறைவாகவே உணர்கிறது. 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வளைகோடுகளாக வெளியிட்டார்கள். அதனால் அறையில் தனியாக வாசிக்கும்போது அடியைக் கூட்டத் தோன்றும். அதே அமைப்போடு குழுவில் நின்று ஒலியை ஏற்றினால் அடி மட்டும் வீங்கும். எந்த ஸ்வரம் வாசிக்கப்படுகிறது என்பது தெரியாமல் போகும். ஆம்பெக் எஸ்விடி வகைகளில் உள்ள அல்ட்ரா லோ சுவிட்ச்சும் 500 ஹெர்ட்ஸ் பக்கம் தாராளமாகவே வெட்டுகிறது. ஃபெண்டர் பாணி டோன் சர்க்யூட்களிலோ குமிழ்களை எல்லாம் நடுவில் வைத்தாலே மிட் பள்ளமாகத்தான் இருக்கும். அங்கே நடுநிலை என்பது சமநிலை ஆகாது. எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டு ஆம்பை எடை போடுபவர்களின் விமர்சனத்தைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

என் ஹெட்டில் மிட் பகுதிக்கு இரண்டு குமிழ்கள். ஒன்று 150 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை இடத்தைத் தேர்கிறது. மற்றது அந்த இடத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. புதிய கூடம் என்றால் நான் செய்வது இது. முதலில் கூட்டும் குமிழை முக்கால் பங்கு ஏற்றுவேன். ஏ தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட்டில் விரல் வைத்து, ஒரே தாளத்தில் மீட்டிக்கொண்டே தேர்வுக் குமிழை அடியிலிருந்து மெல்ல நகர்த்துவேன். 200 முதல் 300 வரை ஒலி கனத்துக் கலங்கும். 400ஐ ஒட்டி அட்டைப் பெட்டிக்குள் வாசிப்பது போலிருக்கும். 700, 800 வந்ததும் ஸ்வரத்துக்கு முகம் கிடைக்கும். கித்தார் இரண்டு ஓடினாலும் அவற்றின் நடுவே இது தனியாகத் தெரியும். 2000ஐத் தாண்டினால் விரல் தந்தியில் படும் ஓசையும் ஃப்ரெட்டின் சலசலப்பும் மேலே வந்துவிடும். எந்த இடம் காதுக்கு மிகவும் அசிங்கமாகப் பட்டதோ, அங்கே குமிழை மறுபக்கம் திருப்பி 3, 4 டெசிபல் குறைப்பேன். அசிங்கமாக எதுவும் படவில்லையென்றால் 750 பக்கம் சற்றே கூட்டிவிட்டு விட்டுவிடுவேன். இதையும் டிரம்மர் வாசிக்கும்போதுதான் செய்ய வேண்டும். அமைதியான கூடத்தில் கிடைக்கும் தீர்ப்பு பாதி நேரம் செல்லாது.

குமிழால் தீராத சிக்கலும் ஒன்று உண்டு, அது அறை. நாங்கள் ஒத்திகை பார்த்த அறையின் அகலம் 3.1 மீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர்; அதை அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் 55 ஹெர்ட்ஸ் வருகிறது. ஏ தந்தியை விரல் வைக்காமல் மீட்டும்போது வருவதும் அதே 55. அந்த ஒரு ஸ்வரம் மட்டும் சுவர் அதிர முழங்கும், பக்கத்து ஸ்வரங்கள் சாதாரணமாக இருக்கும். பேஸ் குமிழைக் குறைத்தால் எல்லா அடி ஸ்வரங்களும் சேர்ந்து இளைத்ததே தவிர ஏ அடங்கவில்லை. கேபினட்டை மூலையிலிருந்து இழுத்து, அகலத்தின் நடுப்பக்கம் நகர்த்தியதும் அடங்கியது. அடி ஸ்வரங்களை மூலை இன்னும் பெருக்கிக் கொடுக்கும். சிறிய அறையில் அங்கே வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

இரண்டு கேபினட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறேன். பக்கவாட்டில் வைத்தால் மிட் ஒலி நேர் எதிரே குவிந்து ஓரங்களில் குன்றும். அடுக்கினால் பக்கங்களுக்குப் பரவும். மேல் ஸ்பீக்கர் இடுப்புக்கு மேலே வருவதால் ஆம்புக்கு அருகில் நிற்கும் எனக்கும் மிட் கேட்கிறது. தரையில் ஒற்றைக் கேபினட்டை வைத்து அதை ஒட்டி நிற்பவர், கூட்டத்துக்குக் காதைக் குத்தும் ட்ரெபிளைத் தான் கேட்காமலே ஏற்றிக்கொண்டு போவார். மேடை ஒலிப் பொறியாளர்கள் என்னைவிட இதைச் சூடாகச் சொல்வார்கள்.

அரங்கின் மிக்ஸருக்கு நேரடியாகப் போகும் டி.ஐ. வெளியீட்டில் ப்ரீ (டோன் குமிழ்களுக்கு முன்), போஸ்ட் (அவற்றுக்குப் பின்) என்றொரு சுவிட்ச் இருக்கிறது. போஸ்ட்டில் வைத்தால் மேடைக்காக நான் திருப்பும் ஒவ்வொரு குமிழும் அரங்கின் பெரிய ஸ்பீக்கர்களிலும் கேட்கும். மேடையின் அறைச் சிக்கல் மேடைக்கு மட்டுமே உரியது; அதனால் ப்ரீயில்தான் வைக்கிறேன். ஹம் என்ற மின் இரைச்சல் வந்தால், மிக்ஸரோடு உள்ள கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச்சை அழுத்திப் பார்ப்பேன், பெரும்பாலும் அதுவே போதும். உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கும் கம்ப்ரஸரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஹெட்டில் உள்ளது ஒற்றைக் குமிழ் வகை, பாதிக்கு மேல் போனால் மீட்டலின் உயிரை உறிஞ்சிவிடும்.

குறைகளும் உண்டு. விசிறி மெல்லிய பாட்டுகளில் கேட்கும் அளவுக்கு இரைகிறது. காற்றுத் துளைகளில் தூசி அடைந்த காலத்தில் ஹெட் சூடேறி ஒரு நிகழ்ச்சியின் நடுவில் தானாகவே மௌனமாகிவிட்டது. ஆறியதும் திரும்ப வந்தது. அன்று முதல் துளைகளைத் தூரிகையால் துடைப்பது வழக்கம். மாஸ்டர் குமிழில் கரகரப்பு வந்து, கான்டாக்ட் கிளீனர் அடித்ததும் போனது. ட்வீட்டருக்கான குமிழை நான் பாதிக்கு மேல் வைப்பதே இல்லை, முழுக்க ஏற்றினால் ப்ரீஆம்பின் இரைச்சல் முன்னே வந்து நிற்கிறது. ஹெட்டையும் கேபினட்டையும் இணைக்க ஸ்பீக்கான் முனை கொண்ட ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும். உள்ளே மெல்லிய ஒற்றை இழை கொண்ட கித்தார் கேபிளை அங்கே மாட்டினால் பவர் கேபிளிலேயே வீணாகும், உரத்து வாசித்தால் அது சூடேறவும் செய்யும். பையில் உதிரியாக இரண்டு ஸ்பீக்கர் கேபிள்கள் வைத்திருக்கிறேன், கித்தார் கேபிளோடு கலந்துவிடாதபடி முனையில் சிவப்பு டேப் சுற்றி.