ஏற்றுமதிப் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

எங்கள் மென்பொருள் சோதனைக் குழுவுக்குக் கருவி விற்ற நிறுவனம், நேற்று மாலை எங்கள் புகாரை நான்காவது முறையாக மூடிவிட்டது. காரணம், "தங்களிடமிருந்து பதில் வராததால்." பதிலுக்காக 19 நாளாகக் காத்திருப்பது நாங்கள்! இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சோதனைக் குழுவுக்கு மென்பொருள் தேடிக்கொண்டிருப்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. டெஸ்ட் கேஸ்களை, அதாவது எதை எந்தப் படிகளில் சோதிப்பது என்ற குறிப்புகளை எழுதி வைத்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ரன் போட்டு, அதாவது அவற்றை ஒரு சுற்று சோதித்து, எது தேறியது எது தேறவில்லை என்று குறித்துக்கொள்ளும் இணையவழி மென்பொருள்களில் ஒன்று. ஆள் கணக்கில் மாதச் சந்தா. சோதிப்பவர்கள் நாங்கள் 11 பேர்தான். ஆனால் முடிவுகளைப் பார்க்க மட்டும் எட்டிப் பார்க்கும் டெவலப்பருக்கும் முழு உரிமம் வாங்க வேண்டுமாம், குறைந்தது 20 உரிமமாம். ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடியாம். ஆக 20 பேர், 12 மாதம், மொத்தம் 240 மாதச் சந்தா. ஒரே தவணையில் கட்டினோம்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பணிகளையும் பிழைகளையும் பதிந்துவைக்கும் ஜிரா மென்பொருளுக்குள் பொருத்திக்கொள்ளும் செயலிகளை முதலில் பார்த்தோம். ஜிராவில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் கட்டணம் கேட்டார்கள். சோதிப்பவர் 11 பேர் என்ற கணக்கு அங்கே செல்லாது. டெஸ்ட்லிங்க் என்ற சோதனைக் கருவி இலவசம், ஆனால் சர்வரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும், திரையும் பழைய காலத்துத் திரை. அதனால் ஒதுக்கினேன். இன்று அந்தப் பழைய திரையை நினைத்து ஏங்குகிறேன்.

டெமோ நாள்தான் எங்களைக் கவிழ்த்த நாள். விற்பனைப் பிரதிநிதி மிகப் பணிவானவர். எங்கள் எக்செல் கோப்பிலிருந்து 40 டெஸ்ட் கேஸ்களைக் கேட்டு வாங்கி, எங்கள் கண் முன்னேயே உள்ளே ஏற்றிக் காட்டினார். படிகள், எதிர்பார்க்கும் விளைவு, முன்னுரிமை என எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. குழுவில் இருந்த இளைஞர் ஒருவர், "அக்கா, இதை எடுத்துவிடலாம்" என்று காதோடு சொன்னார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "உள்ளே போவது சரி, வெளியே எடுக்க முடியுமா?"

தெரியாமல் கேட்ட கேள்வி அல்ல அது. மெர்குரி நிறுவனத்தின் டெஸ்ட் டைரக்டர் என்ற பழைய சோதனைக் கருவி, குவாலிட்டி சென்டர் என்று பெயர் மாறியது. 2006இல் எச்பி கைக்குப் போனது, 2017இல் மைக்ரோ ஃபோக்கஸ், 2023இல் ஓப்பன்டெக்ஸ்ட். இந்தத் துறையில் கருவிகள் கைமாறிக்கொண்டே இருக்கும், நம் தரவு நம் கையில் இருந்தாக வேண்டும் என்று புதிதாகச் சேருபவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

பிரதிநிதி சிரித்துக்கொண்டே, "மேடம், உங்கள் தரவு என்றைக்கும் உங்களுடையதுதான்" என்றார். சுட்டியை மெதுவாகத் திரையின் வலது மூலைக்குக் கொண்டுபோனார். அங்கே நீல நிறத்தில் ஒரு பொத்தான், அதில் 'ஏற்றுமதி' என்று எழுதியிருந்தது. சுட்டி அதன் மேல் ஒரு கணம் நின்று, அப்படியே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அழுத்திக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. பொத்தானைப் பார்த்துவிட்டேன் அல்லவா, அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். 240 மாதச் சந்தா அந்த ஒரு கணத்தில் போனது.

பிறகு மூன்று பேர், இரண்டு வாரம், 1,840 டெஸ்ட் கேஸ்கள். எல்லாவற்றையும் ஏற்றி முடித்தோம். முதல் இரண்டு மாதம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் மாதம் எங்கள் மென்பொருளில் ஒரு விதி மாறியது. தவறான கடவுச்சொல்லை மூன்று முறை கொடுத்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும் என்றிருந்தது ஐந்து முறை ஆனது. டெஸ்ட் கேஸ் 417இல் ஒரு படியைத் திருத்தினோம், ஒரு நிமிட வேலை. அடுத்த வாரம் வாடிக்கையாளர் தரப்பு ஆய்வாளர் முந்தைய வெளியீட்டின் சான்றுகளைக் கேட்டார். ரன்னைத் திறந்து காட்டினோம். அவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: "அந்த வெளியீட்டில் மூன்றாவது முறையிலேயே பூட்டிக்கொள்ளும். ஐந்தாவது முறை கொடுத்துப் பார்த்துத் தேறியது என்று எப்படிப் போட்டிருக்கிறீர்கள்?"

எனக்குப் பேச்சே வரவில்லை. டெஸ்ட் கேஸை இன்று திருத்தினால், முடிந்துபோன பழைய ரன்களிலும் படிகள் மாறிவிடுகின்றன! ரன் நடந்த நாளில் படிகள் எப்படி இருந்தனவோ அப்படியே உறைந்து நிற்க வேண்டும். சோதனைச் சான்று என்பதே அதுதானே? நடக்காத சோதனையை நடந்ததாகக் காட்டும் பொய்க்கணக்குக்கா நாங்கள் 240 மாதச் சந்தா கட்டினோம்? அந்தக் கூட்டத்தில் எங்கள் 11 பேரையும் ஏமாற்றுக்காரர்களைப் போல உட்கார வைத்துவிட்டது அந்த மென்பொருள்.

அன்றே புகார் கொடுத்தோம். முதல் பதில்: உலாவியின் தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி பாருங்கள். அழித்தோம். இரண்டாவது பதில் வேறொருவரிடமிருந்து: திரையைப் படம் பிடித்து அனுப்புங்கள். முதல் கடிதத்திலேயே ஆறு அனுப்பியிருந்தோம், மறுபடி அனுப்பினோம். மூன்றாவது ஆள்: மேல்நிலைக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம். அந்த மேல்நிலைக் குழு எந்த மலை உச்சியில் தவம் இருக்கிறதோ, இன்றுவரை இறங்கி வரவில்லை. நான்காமவர்தான் உண்மையைச் சொன்னார்: "இது பிழை அல்ல, வடிவமைப்பே அப்படித்தான். பதிப்பு வரலாறு உயர்நிலைத் திட்டத்தில் கிடைக்கும்." இன்னும் பணம் கட்டு என்பதை இவ்வளவு மரியாதையாகவும் சொல்லலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அந்தப் பணிவான பிரதிநிதிக்கு அழைத்தேன். பணம் கட்டுவதற்கு முன் இரவு ஒன்பது மணிக்குக்கூட எடுத்தவர், இப்போது கூட்டத்தில் இருக்கிறாராம், எப்போதும்.

சரி, போதும், விலகிவிடுவோம் என்று அந்த நீலப் பொத்தானை முதல்முறையாக அழுத்தினேன். எக்செலில் திறக்கும் சிஎஸ்வி என்னும் அட்டவணைக் கோப்பு ஒன்று வந்தது. எண், தலைப்பு, எழுதியவர் பெயர் வரை சரி. படிகள் மொத்தமும் எச்டிஎம்எல் என்னும் வலைப்பக்கக் குறிகளோடு ஒரே கட்டத்தில் கூழாகக் கிடந்தன. எதிர்பார்க்கும் விளைவு எந்தப் படிக்கு உரியது என்று பிரிக்கவே முடியவில்லை. இணைப்புப் படங்கள் வரவில்லை. ரன் வரலாறு பிடிஎஃப் ஆக மட்டும் வரும், அதுவும் ஒவ்வொரு ரன்னாகத் தனித்தனியே. கேட்டால், "ஏபிஐ வழியாக எடுத்துக்கொள்ளலாமே" என்கிறார்கள். நிரல் எழுதித் தரவை எடுக்கும் அந்த ஏபிஐ எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று ஊகித்திருப்பீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஒப்பந்தத்தின் ஒரு பத்தியை நகலெடுத்து அனுப்பினார்கள்: முன்கூட்டிக் கட்டிய ஆண்டுக் கட்டணம் திரும்பாது. பயன்படுத்தியது நான்கு மாதம், 11 பேர் என்றால் 44 மாதச் சந்தா. கட்டியது 240. மிச்சம் 196 மாதச் சந்தாவைத் தண்ணீரில் போட்டோம். அதே பத்தியில் இன்னொரு வரியும் இருக்கிறது: 60 நாளுக்கு முன் எழுத்தில் சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டுக்கும் தானாகப் புதுப்பிக்கப்படும். அந்தத் தேதியை நாள்காட்டியில் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

விரிவான ஆலோசனை என்று சொன்னேன், அதற்கெல்லாம் இப்போது பொறுமையில்லை. பணம் கட்டுவதற்கு முன் பயன்படுத்திப் பார்க்கத் தரும் காலத்திலேயே உங்கள் சொந்த டெஸ்ட் கேஸ்களை ஏற்றி, வெளியே எடுத்து, அந்தக் கோப்பையே மறுபடி ஏற்றிப் பாருங்கள். ஒரு ரன்னை முடித்துவிட்டு டெஸ்ட் கேஸைத் திருத்துங்கள், பிறகு பழைய ரன்னைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். பார்க்க மட்டும் வருபவருக்கு உரிமம் வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தள்ளுபடியைக் காட்டி ஆண்டுப் பணம் கேட்டால், முதல் மூன்று மாதத்துக்கு மாதாமாதம் கட்டுகிறோம் என்று சொல்லுங்கள். டெமோவில் வாயால் சொன்னது எதுவும் ஒப்பந்தத்தில் இருக்காது.

இன்னும் இருக்கிறது, ஆனால் நேரமில்லை. திரையைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி எக்செலில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். 1,840இல் இதுவரை 612 முடிந்திருக்கிறது.