ஐடில் ஸ்க்ரூவைத் திருகினால் புல்லட் சரியாகிவிடுமா?

சர்வீஸ் விட்டு வந்த பழைய புல்லட்டின் டேங்கில் முகம் பார்க்கலாம். சிக்னலில் நின்றால் மட்டும் வண்டி அணைந்துவிடும். திரும்பக் கொண்டுபோனால், ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை (ஐடில்) கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்க்ரூவை உள்ளே திருகி, "இனிமே நிக்காதுண்ணே" என்கிறார்கள். நிற்காதுதான். அந்த ஸ்க்ரூ, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரில் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடைத் தூக்கிப் பிடிக்கிறது, கோளாறு அப்படியே உள்ளே இருக்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து 1955 முதல் சென்னையில் தயாரான வண்டிக்கு அதே சென்னையில் இந்த நிலைமை என்றால் எரிச்சல் வராதா? நாம் இருக்கும் லண்டனில் மணிக்கணக்கில் கூலி கேட்பார்கள், கட்டுப்படியாகாமல் நாமே ஸ்பேனரை எடுப்போம். இங்கே கூலி மலிவு. அதனாலேயே ஒரு வண்டிக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஒதுக்க எந்தக் கடைக்கும் முடிவதில்லை.

கார்பரேட்டரைத் தொடும் முன், பிளக்கின் தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டு நிறுத்தும் பாயிண்ட்டைப் பாருங்கள். சாவியைப் போட்டு கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினால், பாயிண்ட் மூடும்போது ஆம்மீட்டர் (மின்சாரம் காட்டும் மீட்டர்) முள் மைனஸ் பக்கம் சாயணும், திறக்கும்போது நடுவுக்கு வரணும். அசையவில்லையென்றால் பாயிண்ட் கரி பிடித்திருக்கும். தேய்த்துத் துடைத்து, முழுசாகத் திறந்த நிலையில் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வையுங்கள். டேப்பட்டை (வால்வு இடைவெளியை) இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் வைக்கணும்: வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு விரலால் சுற்றணும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

ஆக்ஸிலேட்டரை விட்டபின்னும் சத்தம் உடனே இறங்காமல் தொங்கினால் இரண்டு சந்தேகம். ஒன்று, கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் காற்று இழுக்கிறது. ஐடிலில் ஓடவிட்டு அந்த இணைப்பில் கார்ப் கிளீனரைப் பீய்ச்சுங்கள். சத்தம் மாறினால் பேக்கிங் போச்சு. (சூடான சைலன்சர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) இன்னொன்று, பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள், வேகத்துக்கேற்ப தீப்பொறி நேரத்தை மாற்றும் அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். சென்னையில் வண்டிச் சாமான் விற்கும் ஜி.பி. ரோட்டில் தேடினால் இரண்டுக்கும் சாமான் கிடைக்கும்.

அடுத்தது ஸ்லோ ஜெட், அதாவது ஐடிலில் பெட்ரோல் விடும் கார்பரேட்டரின் சின்ன ஓட்டை. ஊரில் இப்போது போடுவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்து கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் பவுலில் பிசினும் துருவும் சேர்கிறது. பிரிட்டனில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் எத்தனால் குறைந்த இ5 கிடைக்கும், அந்த வசதி இங்கே நினைப்பில் மட்டும்தான். ஜெட்டைக் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்யணும், அசையாத அடைப்புக்கு வயரின் ஒற்றைச் செம்பிழை போதும். குண்டூசி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகி, பிறகு பிளக் கறுத்துக்கொண்டே இருக்கும். சர்வீஸ் கடையில் கண்ணெதிரே நடந்தது இந்தக் குண்டூசி வேலைதான்!

ஐடிலில் கலவைக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூ கடைசி. ஐந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடேற்றியபின், அழுத்தாமல் உள்ளே முட்டும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பிப் பார்த்து, சத்தம் எங்கே அதிகமாகிறதோ அங்கே நிறுத்தி, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்து, மறுபடி ஒருமுறை இதையே செய்யுங்கள். ஏர் ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் மாற்றமே இல்லையென்றால் ஸ்லோ ஜெட் இன்னும் அடைத்திருக்கிறது, அல்லது ஐடில் ஸ்க்ரூ அளவுக்கு மீறி உள்ளே இருக்கிறது.

லீவு முடிந்து விமானம் ஏறுமுன், டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்கும் குழாயை மூடி, வண்டி தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். டேங்கை வடித்து, துரு பிடிக்காமல் இருக்க உள்ளே கொஞ்சம் இன்ஜின் ஆயில் புரளவிட்டு, பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றுங்கள். "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைப்பா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டாம். நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் ஓடினால் பிளக்கில் கரியும் ஆயிலில் ஈரமும்தான் சேரும்.