மாடல் எஞ்சின் கிட் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

வீட்டிலேயே சின்னதாக ஒரு பெட்ரோல் எஞ்சின் செய்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வார்ப்படக் கிட் (கடைந்து பொருத்த வேண்டிய வார்ப்புப் பாகங்களும் டிராயிங்கும் அடங்கிய பெட்டி) தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ரூ.18,500 போனது. நாலு மாத ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. அதுதான் அதிகம் வலிக்கிறது.

நான் மதுரை புதூர் ஐ.டி.ஐ.யில் டர்னர், அதாவது கடைசல் வேலை, படித்தவன். கப்பலூரில் வேலை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு பழைய லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருக்கிறேன். முதல் எஞ்சினாக ‘ஹிட் அண்ட் மிஸ்’ வகையைத் தேர்ந்தெடுத்தேன். வேகம் கூடியதும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற அமைப்பு, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும்; வெடிப்பு நிற்கும். ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் பல சுற்று சும்மா சுற்றும். வேகம் இறங்கியதும் மறுபடி ஒரு ‘டப்’. அந்தச் சத்தத்துக்காகவே செய்யலாம். மெதுவாக ஓடும் எஞ்சின் என்பதால் புதிதாகச் செய்பவருக்கும் கை கொடுக்கும். இப்போதும் அந்தத் தேர்வு தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆளைத்தான் தப்பாகப் பிடித்துவிட்டேன்.

விற்றவர் எஞ்சின் ஓடும் வீடியோ அனுப்பினார். போரிலும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கிலும் (பிஸ்டன் நகரும் தூரம்) சந்தேகம் கேட்டால் உடனே பதில். “அண்ணே, நம்ம டிராயிங் பார்த்தா சின்னப் பையன்கூட செஞ்சிருவான்.” முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பினேன்.

பெட்டி வந்தது. முதலில் ஃப்ளைவீலை லேத்தில் கட்டினேன். விளிம்பில் டூல் வெட்டவே இல்லை, வழுக்கியது. வெட்டும் முனையான கார்பைடு டிப் இரண்டு உடைந்தன. பட்டறையில் என் கூட்டாளி அரத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, “மாப்ள, சில் அடிச்சிருக்கு” என்றான். வார்ப்பிரும்பு சட்டென்று குளிர்ந்தால் மேல்தோல் கண்ணாடிபோல் இறுகிவிடும்; அதுதான் சில். அடுப்புக்கரியில் செக்கச்செவேலென்று சுட்டு, சாம்பலில் புதைத்து மறுநாள் வரை ஆறவிட்ட பிறகுதான் கடைய முடிந்தது. சரி, வார்ப்பு என்றால் இப்படி ஒன்று இரண்டு வரும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் சிலிண்டர். 25 மி.மீ. போர். கடைசி கட் பளபளவென்று வந்துகொண்டிருந்தபோது சுவரில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. ஊசியை விட்டேன், உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அடியை அடைத்து மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தேன். காலையில் பார்த்தால் சிலிண்டரைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நனைந்திருந்தது. புளோ ஹோல், வார்க்கும்போது காற்று சிக்கி விழுந்த ஓட்டை. உள்ளே ஸ்லீவ் (மெல்லிய குழாய்) அடித்துச் சரிசெய்தேன்.

டிராயிங்கைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு ஒரு தாளில் 84 மி.மீ., இன்னொரு தாளில் மூன்றேகால் அங்குலம், அதாவது 82.55. ஒன்றரை மி.மீ. பெரிய விஷயமா என்று கேட்கலாம். 38 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 5க்கு 1 வர வேண்டிய கம்ப்ரெஷன் (கலவையை அழுத்தும் விகிதம்), குட்டை ராடு போட்டால் நாலரைக்கு இறங்கிவிடும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். வால்வு திறக்கும் நேரத்தைக் கிராங்கோடு இணைக்கும் டைமிங் கியரைத்தான் மன்னிக்க முடியவில்லை. பற்கள் சரியாகக் கவ்வாமல் லொடலொடவென்று ஆடின. ராத்திரி பத்து மணிக்கு ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினேன். சின்னது 24. பெரியது 46. மறுபடி எண்ணினேன், அதே 46. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வைத் திறக்கும் கேம் ஒரே சுற்று சுற்ற வேண்டும்; 24க்கு 48தான் வேண்டும். 46 போட்டால் வால்வு திறக்கும் நேரம் ஒவ்வொரு சுற்றிலும் நழுவிக்கொண்டே போகும். இந்தக் கியரோடு அந்த எஞ்சின் எந்தக் காலத்திலும் ஓடியிருக்காது. அப்படியானால் அவர் அனுப்பிய வீடியோ வேறு யாருடைய எஞ்சினோ!

படம் எடுத்து அனுப்பினேன். “நீங்க மெஷின் பண்ணதுலதான் கோளாறு” என்று பதில் வந்தது. “தம்பி, கியர் நீங்க வெட்டி அனுப்பினது, நான் கையே வைக்கல” என்றேன். அன்றைக்கே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

வாங்கியே தீர வேண்டுமென்றால் டிராயிங்கில் ஒரு தாளும், கடையாத வார்ப்பின் படமும், கியர் பல் எண்ணிக்கையும் முதலில் கேளுங்கள். வீடியோவில் உங்கள் பெயர் எழுதிய துண்டுச்சீட்டை எஞ்சின் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், முதல் எஞ்சினுக்கு வார்ப்படமே வேண்டாம். வார்ப்பிரும்பு, அலுமினிய உருளைக் கம்பிகளை வாங்கிக் கடைந்தே காற்றில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் செய்யலாம். பிஸ்டனுக்கு இரும்பு ரிங்குக்குப் பதிலாக விட்டான் (சூடு தாங்கும் ரப்பர்) ஓ-ரிங் போட்டாலே கம்ப்ரெஷன் நிற்கும். டீசல் என்று சொல்லும் குட்டி டூ ஸ்ட்ரோக் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். அதில் பிஸ்டனை லேப் செய்து (நுண்பொடி தேய்த்து) பொருத்துவது மைக்ரான் கணக்கு, எரிபொருளில் ஈதர் வேறு வேண்டும்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மதுரை நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் இல்லை. இதேபோல் 46 பல் கியர் வந்தவர்கள் இருந்தால் பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள். எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போவோம்.