அல்சாஸ் திராட்சைச் சரிவுகளில் மலைநடை: முன்பணம் கட்டும் முன் படிக்க வேண்டியது

பிரான்சின் அல்சாஸ் வட்டாரத்தில் காடுகளின் வழியாகவும் திராட்சைத் தோட்டங்களின் வழியாகவும் மலைநடைப் பயணம் என்று விளம்பரம் செய்த கிள்ளான் பள்ளத்தாக்கு நிறுவனம் ஒன்று, எங்களிடம் தலைக்கு 13,900 வெள்ளி வாங்கிக்கொண்டு, சொன்னவற்றில் பெரும்பகுதியைச் செய்யாமல் விட்டுவிட்டது. அதே விளம்பரம், படங்கள்கூட மாறாமல், அடுத்த புரட்டாசிக்கும் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் வலம் வரத் தொடங்கியிருப்பதால் இதை எழுதுகிறேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் நாங்கள் தாக்கல் செய்த கோரிக்கை இன்னும் விசாரணைக்கு வராத நிலையில் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அவர்கள் எதை எப்படி விற்றார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நாங்கள் மலைநடைக்குப் புதியவர்கள் அல்லர். வார இறுதிகளில் புக்கிட் காசிங்கிலும், பள்ளி விடுமுறையில் பினாங்குக் கொடிமலையிலும் சேர்ந்து நடந்து பழகிய குடும்பங்கள். எங்களுள் மூத்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். ஏமாற்றத்தின் சுமை கூடுதலாக விழுந்தது அவர்மீதுதான் என்பதால், அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வோஜ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், ரைன் சமவெளியைப் பார்த்தவாறு, ஏறத்தாழ 200 முதல் 400 மீட்டர் உயரத்தில் திராட்சைத் தோட்டங்கள் நீண்டு கிடக்கின்றன. அவற்றுக்கு மேலே காடு தொடங்கிவிடுகிறது. மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களை மலை தடுத்துவிடுவதால், அடிவாரத்திலுள்ள கொல்மார் நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது; கோலாலம்பூரில் பெய்வது 2,400 மில்லிமீட்டருக்கும் மேல். அந்த வறண்ட வெயில்தான் அங்குள்ள ரீஸ்லிங், கெவுர்ஸ்திராமினர் கொடிகளுக்கு வாழ்வு. மார்லென்ஹைம் ஊரிலிருந்து தான் (Thann) என்ற ஊர் வரை 170 கிலோமீட்டர் நீளும் ஒயின் சாலை 1953ஆம் ஆண்டில் அமைந்தது. நடப்பவர்களுக்கான பாதைகளோ அதைவிடப் பழையவை. 1872இல் சவெர்ன் நகரில் தொடங்கப்பட்ட கிளப் வோஜியான் என்ற நடையர் சங்கத்தின் தொண்டர்கள், மரங்களிலும் பாறைகளிலும் வண்ணக் குறியிட்டு அவற்றை இன்றுவரை பராமரித்து வருகிறார்கள். செவ்வகக் குறி நெடும்பாதைக்கு, வளையக் குறி புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றுப்பாதைக்கு. சிலுவை, முக்கோணம், வட்டம் ஆகியவை மற்றப் பாதைகளுக்கு. சிவப்புச் செவ்வகத்தைப் பின்பற்றினால், 757 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டையைத் தொட்டு, காட்டின் வழியே ரிபோவில்லே ஊருக்கு இறங்கலாம். இதற்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை.

அந்தப் பாதை யாருக்கும் சொந்தமான சரக்கு அல்ல என்பதால், ஒரு பயண நிறுவனம் நேர்மையாக விற்கக் கூடியவை அறைகள், ஊருக்கு ஊர் பெட்டிகளைக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு, தகுதி பெற்ற வழிகாட்டி, அந்தந்தப் பருவத்தில் எது திறந்திருக்கும் என்ற அறிவு ஆகியவை மட்டுமே. எங்களிடம் விற்கப்பட்டதோ வேறு. கட்டணப் பட்டியலில் ‘மலைப்பாதை அனுமதிக் கட்டணம்’ 320 வெள்ளி என்றும், ‘ஷெங்கன் நுழைவு ஏற்பாட்டுக் கட்டணம்’ 450 வெள்ளி என்றும் இரண்டு வரிகள் இருந்தன. சிலாங்கூரில் பல வனக் காப்பகங்களுக்குள் நடக்க வனத்துறையின் அனுமதி தேவைப்படுவதால், மலேசியர்களின் காதில் முதல் கட்டணம் இயல்பாகவே ஒலிக்கும். அந்தப் பழக்கத்தைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். நாங்கள் நடந்த எந்தப் பாதைக்கும் அப்படியோர் அனுமதிச் சீட்டு கிடையாது. இரண்டாவது கட்டணம் அதைவிட மோசம்: மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 180 நாள் காலத்துக்குள் 90 நாள்கள் வரை விசா இல்லாமலேயே பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் சுற்றுலா செல்லலாம். இல்லாத விசாவுக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள் என்று எழுத்தில் கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.

விளம்பரத்தின் தலைப்பு ‘பழுத்த குலைகளுக்கு நடுவே நடந்து செல்லுங்கள்’ என்பதாகும். செப்டம்பரில் அங்கே அறுவடை நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் அறுவடை நடக்கும்போது, பல ஊர்களில் திராட்சைத் தோட்டங்களுக்குள் செல்லும் பாதைகளை நகராட்சித் தலைவரின் ஆணையால் நடப்பவர்களுக்கு மூடிவிடுவார்கள் என்பதை எந்த இடத்திலும் சொல்லவில்லை. நான் முன்பே இதைக் கேட்டிருந்தேன். “அண்ணே, அங்க நம்ம ஆளு இருக்காரு, எல்லாப் பாதையும் திறந்துதான் இருக்கும், கவலப்படாதீங்க” என்று புலனத்தில் பதில் வந்தது. அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஹுனாவிர் ஊருக்கு மேலே, கோட்டைச் சுவர் சூழ்ந்த தேவாலயத்தைத் தாண்டி நாங்கள் சென்றபோது, பாதையின் குறுக்கே கயிறு கட்டி, அதன் நடுவில் நெகிழி உறையிட்ட ஓர் அறிவிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் நகராட்சி முத்திரையும் தொடக்க நாளும் முடிவு நாளும் இருந்தன. கயிற்றுக்கு அப்பால் ஒடுக்கமான சிமெண்டுத் தடத்தில் டிராக்டர் ஒன்று, வாளி வாளியாகக் கொட்டப்பட்ட பழங்களுடன் இறங்கிக்கொண்டிருந்தது. அது வந்தால் ஓர் ஆள் ஒதுங்கி நிற்கக்கூட அங்கே இடமில்லை. அல்சாசில் ‘கிராண் கிரூ’ என்று தரம் பிரித்துள்ள 51 தோட்டப் பகுதிகளில் பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே சரிவு முழுவதும் கத்தரிக்கோலும் வாளியுமாக ஆள்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் நாங்கள் நுழைய முடியாது என்பது முழுக்க நியாயமானது. பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எழுந்து வந்து, மேலே காட்டின் விளிம்பைக் கை நீட்டிக் காட்டி, அங்குள்ள குறியிட்ட பாதை திறந்திருப்பதாகச் சொன்னார். முகம் தெரியாத அந்தப் பெண்மணி சொன்ன மாற்று வழிதான், பணம் வாங்கிய நிறுவனம் எங்களுக்கு முன்கூட்டியே வகுத்துத் தந்திருக்க வேண்டிய வழி.

எங்களோடு வந்த ‘சான்றிதழ் பெற்ற மலை வழிகாட்டி’ அப்போது வேனை நிறுத்திய இடத்திலேயே இருந்தார். அவர் வேன் ஓட்டுநர், நல்ல மனிதர், தனக்கு வண்டி ஓட்டும் வேலை மட்டுமே கொடுக்கப்பட்டது என்று முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அவரிடம் 1:25,000 அளவுள்ள நடைவரைபடம் இல்லை. கைப்பேசியில் நிறுவனம் அனுப்பிய சில படங்கள் மட்டுமே இருந்தன. பிரான்சில் பணம் பெற்றுக்கொண்டு மலைப்பகுதியில் மற்றவர்களை வழிநடத்த, அரசு அங்கீகரித்த பட்டயமும் அதற்கான தொழில்முறை அட்டையும் இருக்க வேண்டும். இங்கே மலிம் குனோங் எனப்படும் மலை வழிகாட்டி இல்லாமல் சில மலைகளில் ஏற விடமாட்டார்கள் அல்லவா, அங்கும் வழிகாட்டும் தொழில் அவ்வளவு கண்டிப்பானது. இலையுதிர் காலத்தில் அந்தக் காடுகளில் வேட்டை நடக்கும் நாள்களும் உண்டு. எச்சரிக்கைப் பலகை வைத்த பாதையைத் தவிர்த்து வேறு வழியில் அழைத்துச் செல்ல, உள்ளூர் அறிந்த ஆள் தேவை. வழிகாட்டியின் பெயரையும் அட்டை எண்ணையும் புறப்படுவதற்கு முன் கேட்டபோது, ‘பாதுகாப்புக் காரணங்களால் தர இயலாது’ என்று எழுதியிருந்தார்கள். தொழில்முறை அட்டை என்பது கேட்பவருக்குக் காட்டுவதற்காகவே உள்ளது.

பெட்டிகளின் கதை வேதனையானது. ‘கைவீசி நடங்கள், பெட்டி உங்களுக்கு முன் அறையில் இருக்கும்’ என்று எழுதியிருந்தார்கள். ரிபோவில்லேயில் விசாரித்தபோது, பெட்டி கொண்டு செல்ல எந்த முன்பதிவும் செய்யப்படவில்லை என்று விடுதியில் சொன்னார்கள். அன்று ஓட்டுநருக்கு வேறு ஊரில் வேலை கொடுத்திருந்ததால் வேனும் இல்லை. ரிக்விர் ஊரில் எங்கள் விடுதி, ஊர்வாசலிலிருந்து ஏற்றமாகச் செல்லும் கருங்கல் பாவிய தெருவின் மேல் முனையில் இருந்தது. தலைமையாசிரியர் ஐயா தம்முடைய பெட்டியை யாரிடமும் கொடுக்க மறுத்து இழுத்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் ஒரு சக்கரம் கழன்று கல்லிடுக்கில் சிக்கியது. அவர் குனிந்து அதை எடுத்து, கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் முழங்கால் வீங்கி, ரிபோவில்லேயின் மூன்று கோட்டைகளுக்கு ஏறும் நடையில் அவரால் கலந்துகொள்ள முடியவில்லை. அந்த ஏற்றத்துக்காகவே அவர் வந்திருந்தார். 642 மீட்டர் உயரத்திலுள்ள மேல் கோட்டையின் படத்தை மாதக்கணக்கில் கைப்பேசியின் முகப்பில் வைத்திருந்தார்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புரட்டாசி விரதம் என்று தெரிவித்து, சைவ உணவுக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தோம். எந்த உணவகத்துக்கும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. அவ்வட்டாரத்தின் பெயர்பெற்ற மெல்லிய அப்பமான தார்த் ஃபிளம்பேயில் பாலேட்டோடும் வெங்காயத்தோடும் பன்றி இறைச்சித் துண்டுகளையும் சேர்ப்பார்கள். அது இல்லாமல் செய்து தரும்படி ஒவ்வொரு மேசையிலும் நாங்களே கேட்டு வாங்கினோம். ஏற்கெனவே ‘சேர்க்கப்பட்டது’ என்று ரசீதில் இருந்த தங்கும் வரியை விடுதிகள் எங்களிடம் மீண்டும் வசூலித்தன. நிறுவனம் அதைக் கட்டவே இல்லை.

மீதித் தொகையைத் தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்கில் செலுத்தச் சொன்னதும், நாங்கள் மறுத்த பிறகே நிறுவனக் கணக்கின் எண் வந்ததும் இப்போது கோப்பில் உள்ளன. அவர்களது அலுவலகச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த உரிமம் பற்றிச் சுற்றுலா அமைச்சில் விசாரித்தபோது, அது உள்வரும் பயணிகளுக்கான பிரிவுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது என்று தெரிந்தது. 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் உரிமத்தில், உள்வரும் பயணம், வெளிச்செல்லும் பயணம், பயணச்சீட்டு விற்பனை என்று பிரிவுகள் குறிக்கப்பட்டிருக்கும். உரிமம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. வெளிநாட்டுப் பயணம் விற்பவரிடம் அதற்குரிய பிரிவு இருக்க வேண்டும்.

அல்சாசுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திராட்சைச் சரிவுகளில் நடப்பதே நோக்கம் என்றால் மே, ஜூன் மாதங்களிலோ, அறுவடை முடிந்து இலைகள் பொன்னிறமாகும் அக்டோபர் இறுதியிலோ போகலாம். செப்டம்பரில்தான் முடியும் என்பவர்கள் காட்டுப் பாதைகளை முதன்மையாக வைத்துத் திட்டமிட்டு, மூடப்பட்ட பாதைகளைப் பற்றி அந்தந்த ஊரின் சுற்றுலா அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். பெட்டிகளைக் கொண்டு சேர்க்கும் நிறுவனத்தின் முன்பதிவு எண்ணையும், விடுதிகளின் உறுதிக் கடிதங்களையும், வழிகாட்டியின் அட்டை எண்ணையும் கையில் வாங்காமல் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.

இதே நிறுவனத்திடம் ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரிக்கை தாக்கல் செய்யலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மன்றத்தின் தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாத நிறுவனம் குற்றம் புரிந்ததாகும். குடும்பம் குடும்பமாகத் தனித்தனிப் படிவங்கள் நிரப்பினோம். தலைமையாசிரியர் ஐயா தம்முடைய படிவத்தோடு உடைந்த சக்கரத்தின் படத்தையும், முழங்காலுக்கு மருத்துவம் பார்த்த ரசீதையும் இணைத்திருக்கிறார். புலன உரையாடல்களை ஏற்றுமதி செய்து அச்செடுத்து, விளம்பரத்தின் படத்தையும் வங்கி ரசீதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த விளம்பரத்தில் வழிகாட்டியைப் பற்றிய வரியை அவர்கள் இப்போது நீக்கிவிட்டார்கள் என்பதால், பழைய பிரதி யாரிடமாவது இருந்தால் அது எங்களுக்கும் பயன்படும்.